வடசென்னையில் புகையையும் நாற்றத்தையும் ஆவணமாக்குவது எப்படி: பேட்டை இளைஞர்களுக்கு ஒரு கையேடு

மணலி, எண்ணூர், எர்ணாவூர், கொடுங்கையூர் பக்கம் இருப்பவர்களுக்கு மாசு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மொட்டை மாடியில் காயப்போட்ட துணியில் படியும் சாம்பலும், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஜன்னலைச் சாத்த வைக்கும் நெடியும் எல்லோருக்கும் பழக்கம். குறை எங்கே என்றால், இதைப் பற்றிப் போகும் புகார்களில் பெரும்பாலானவை "எங்கள் பகுதியில் கடும் துர்நாற்றம் வீசுகிறது, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று இரண்டே வரியில் முடிந்துவிடுகின்றன. அதிகாரி மறுநாள் காலை பத்து மணிக்கு வருவார். அப்போது காற்று வேறு பக்கம் வீசும். "ஆய்வின்போது துர்நாற்றம் காணப்படவில்லை" என்று எழுதிப் புகாரை முடித்துவிடுவார். அவர் எழுதியது பொய்யும் இல்லை.

தேதி, நேரம், காற்றுத் திசை, ஆலையின் அனுமதி ஆணையில் உள்ள நிபந்தனை எண் ஆகிய நான்கும் இருக்கும் புகாரை அப்படி முடிக்க முடியாது. அந்த நான்கையும் சேர்க்கும் வேலைக்குத்தான் இளைஞர் குழு தேவை. ஊர்வலம் அதற்குப் பிறகு.

குழு

எட்டுப் பேர் போதும். ஐம்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் வேலை செய்வது எப்படியும் எட்டுப் பேர்தான். ஆனால் எட்டுப் பேரும் மாணவர்களாக இருந்தால் மார்ச், ஏப்ரலில் பதிவேடு காலியாகிவிடும். பொதுத்தேர்வு, செமஸ்டர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் காணாமல் போவார்கள். பகலில் வீட்டில் இருக்கும் அக்கா ஒருவர், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர், விடியலில் வலை எடுத்துப் போகும் மீனவர் ஒருவர் என்று மூன்று பேராவது படிப்புக்கு வெளியே இருந்து வேண்டும். முகத்துவாரத்தில் தண்ணீர் நிறம் மாறியதைக் கரையில் நிற்பவர்களுக்கு முன்பே பார்ப்பவர் அந்த மீனவர்தான்.

ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவர்களும் குப்பைமேட்டில் பிளாஸ்டிக், இரும்பு பொறுக்கிப் பிழைப்பவர்களும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்கள். "மூடு" என்று பலகை எழுதும் முன் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். கொடுங்கையூர் மேட்டை அகற்ற வேண்டும் என்று கேட்கிற மனுவில், அங்கே பொறுக்குபவர்களுக்கு அடையாள அட்டையும் தரம்பிரிக்கும் மையத்தில் வேலையும் வேண்டும் என்ற வரி இல்லையென்றால் பேட்டை இரண்டாகும். அதை எதிர்த்தரப்பு நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும்.

பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு வீட்டில் இருந்தபடி எழுதும் வேலை மட்டும் கொடுங்கள். மனுவில் அவர்கள் கையெழுத்து வேண்டாம். வீட்டாரின் சம்மதம் கட்டாயம்.

நெடிப் பதிவேடு

இது புது யோசனை இல்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004 வாக்கிலேயே சமூகக் கண்காணிப்புக் குழு அமைத்து, எந்த நேரத்தில் எந்த ஆலைப் பக்கமிருந்து என்ன நெடி வந்தது என்று எழுதி வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்று மாதிரியும் எடுத்தார்கள். வாளி மாதிரிக்கு ஆய்வகச் செலவு அதிகம். பதிவேட்டுக்கு வேண்டியது ஒரு நீளக் கணக்கு நோட்டு.

நோட்டில் கோடு போட்டு ஏழு கட்டங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம், காற்று எங்கிருந்து வருகிறது, என்ன நெடி, கடுமை. கடுமைக்கு 0 முதல் 5 வரை. 0 என்றால் ஒன்றுமில்லை, 3 என்றால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது, 5 என்றால் வாந்தி, மூச்சுத்திணறல், அல்லது வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை. இப்படிச் செயலோடு கட்டிவைத்தால்தான் இரண்டு பேர் எழுதும் 3 ஒரே 3 ஆக இருக்கும்.

நெடியை "கெட்ட வாடை" என்று எழுதாதீர்கள். அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். கேஸ் சிலிண்டர் கசிவு போன்றது மெர்காப்டன் வகை. பட்டாசு வெடித்த பிறகு தொண்டையைப் பிடிக்கும் நெடி கந்தக டை ஆக்சைடு. மூத்திர நெடியோடு கண் எரிந்தால் அமோனியா. இவை தவிர பெட்ரோல் பங்க் வாடை, பிளாஸ்டிக் எரியும் வாடை, குப்பைச் சாற்றின் புளித்த வாடை. நோட்டில் வாடையை மட்டும் எழுதுங்கள். வாயுவின் பெயரை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அழுகிய முட்டை நெடி கடுமையாக வந்து சட்டென்று நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று நினைத்து அங்கேயே நிற்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போக வைக்கும்.

எல்லாக் குழுவும் தவறு செய்யும் இடம் காற்றுத் திசை. "மேற்குக் காற்று" என்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று. முதல் வாரத்தில் பாதிப்பேர் காற்று போகிற திசையை எழுதி வைத்திருப்பார்கள். அந்த நோட்டு அப்படியே வெளியே போனால் ஆலை இருக்கும் பக்கமே தலைகீழாகிவிடும். கட்டத்தின் தலைப்பிலேயே "எங்கிருந்து" என்று எழுதிவிடுங்கள். மொட்டை மாடியில் ஒரு கழியில் மெல்லிய ரிப்பன் கட்டி, தரையில் சாக்பீஸால் நான்கு திசை குறித்தால் போதும். தெருவில் நின்று பார்க்கக் கூடாது; இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே காற்று தெரு வாக்கில்தான் ஓடும்.

வடசென்னைக்கு இது ரொம்ப முக்கியம். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து மேற்கே தள்ளும், இரவிலும் விடியலிலும் நிலக்காற்று மேற்கிலிருந்து கடலுக்குப் போகும். மணலி ஆலைகளின் புகை எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பக்கம் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு ஏன் வருகிறது, பகல் ஆய்வில் ஏன் சிக்குவதில்லை என்பதற்கு இதுவே விடை. உங்கள் நோட்டில் அந்த வடிவம் தெரிந்தால், "இரவு 10 மணி முதல் காலை 6 மணிக்குள் ஆய்வு நடத்தவும்" என்று மனுவில் காரணத்தோடு கேட்கலாம்.

நாளுக்கு மூன்று நேரம் எழுதுங்கள்: காலை 6, மதியம் 2, இரவு 10. இடையில் நெடி வந்தால் அதுவும். நெடி இல்லாத நேரத்தில் 0 போட மறக்கக் கூடாது. 0 இல்லாத நோட்டைக் காட்டினால், "இவர்கள் நெடி வந்த நாளை மட்டும் பொறுக்கி எழுதியிருக்கிறார்கள்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். பேனாவில் எழுதுங்கள், அடித்தல் இருந்தால் அடித்தலாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் ஒரே மையில் நிரப்பிய பக்கம் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

சாம்பலும் தூசியும்

முப்பது சென்டிமீட்டர் எவர்சில்வர் தட்டில் வாஸ்லீனை மெல்லிய படலமாகத் தடவி, மாடியில் இடுப்பு உயரத்தில் 24 மணி நேரம் வையுங்கள். பக்கத்தில் கட்டட வேலையோ விறகடுப்போ இருந்தால் அந்த இடம் ஆகாது. படிந்ததைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, யாராவது படிக்கும் கல்லூரியின் நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கண்ணாடிக் குண்டுமணி போல உருண்டையாக இருக்கும். உலையில் உருகிக் காற்றிலேயே உறைந்ததால் வந்த உருண்டை அது. நிலக்கரித் தூசி கறுப்பாக, உடைந்த விளிம்புகளோடு இருக்கும். தெருமண் ஒழுங்கற்று, பாதி ஒளி ஊடுருவும். இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படமெடுத்து மனுவோடு வைத்தால் "அது ரோட்டுத் தூசி" என்ற பதில் திரும்ப வராது. சாம்பல் எந்த நிலையத்திலிருந்து வந்தது என்பதை இது மட்டும் நிரூபிக்காது. அதற்குக் காற்றுத் திசைப் பதிவு கூடவே வேண்டும்.

காற்றில் உள்ள தூசியை அளக்கும் விலை குறைந்த லேசர் உணரிக் கருவிகளைப் பற்றி: வாங்கலாம், ஆனால் அதை நம்பி வழக்குப் போட முடியாது. காற்றில் ஈரப்பதம் கூடினால் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிவிடும். கடலோரத்தில் விடியற்காலை அளவு எப்போதும் ஏறியே தெரியும். அமோனியா, கந்தக டை ஆக்சைடு எதையும் அது காட்டாது. இரண்டு கருவிகளை ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரே போக்கு வருகிறதா என்று பாருங்கள். பிறகு அருகிலுள்ள அரசு நிலையத்தோடு ஒப்பிடுங்கள். மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. அவற்றின் பழைய அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

எண்களைப் பேசும்போது இரண்டு சறுக்கல்கள். முதலாவது, செயலியில் தெரியும் காற்றுத் தரக் குறியீட்டையும் சட்ட வரம்பையும் ஒன்றாக வைத்துப் பேசுவது. 2009-இல் அறிவித்த தேசியத் தரத்தின்படி பி.எம். 2.5 எனப்படும் மிக நுண்ணிய தூசித் துகளின் 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டு வரம்பு 40. குறியீடு 100 என்றால் 100 மைக்ரோகிராம் இல்லை. இந்தியக் குறியீட்டில் 60 மைக்ரோகிராம்தான் 100. இரண்டாவது, ஒரு மணி நேர உச்சத்தைக் காட்டி "வரம்பு மீறல்" என்பது. வரம்பு 24 மணி நேர சராசரிக்கு. உச்சத்தைத் தனியாகச் சொல்லுங்கள், சராசரியைத் தனியாகச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் 24 மணி நேரத்துக்கு 15 மட்டுமே. ஆனால் அது இங்கே சட்டம் இல்லை, வாதத்துக்குத்தான் உதவும்.

செல்பேசியில் படம் எடுத்தால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நேரமும் இடமும் அடங்கிய உள்விவரம் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். பொதுச் சாலையில் நின்று எடுங்கள். துறைமுக, அனல்மின் நிலைய வளாகத்துக்குள் கால் வைக்க வேண்டாம். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

காகிதத்தைக் கையில் எடுப்பது

ஆலை எதற்கெல்லாம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அது எதை மீறியது என்று சொல்ல முடியாது. பெரும்பாலான ஆலைகளிடம் இரண்டு வகை ஆணைகள் இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதி மத்திய அரசோ மாநில ஆணையமோ தருவது. இசைவாணை, அதாவது ஆலையை இயக்க ஒப்புதல், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவது. மணலியின் பழைய ஆலைகள் சில 1994-இல் அனுமதி முறை வருவதற்கு முன்பே தொடங்கியவை, அவற்றுக்கு இசைவாணையைத்தான் தேட வேண்டும். அனுமதி பெற்ற ஆலைகள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதுவே முதல் புகாருக்குப் பொருள்.

இசைவாணைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அலுவலகம் மாறிப்போயிருந்தாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் கடமை.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் "இது தகவல் வரையறைக்குள் வராது" என்று பதில் வரும். காகிதத்தைக் கேளுங்கள்:

"1.4.2024 முதல் 31.3.2025 வரை மேற்படி ஆலையில் வாரிய அலுவலர்கள் மேற்கொண்ட ஆய்வு அறிக்கைகளின் நகல். அதே காலத்துக்கான, ஆலை தாக்கல் செய்த படிவம் 5 சுற்றுச்சூழல் அறிக்கையின் நகல். நடப்பில் உள்ள இசைவாணையின் நகல், நிபந்தனைகள் உட்பட. பெறப்பட்ட பொதுப் புகார்களின் பட்டியல், ஒவ்வொன்றின் மீதும் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்."

படிவம் 5 ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் தரவேண்டியது. அக்டோபரில் கேட்பது நல்லது. ஒரு மனுவில் ஒரே ஆலை. நான்கு ஆலையைச் சேர்த்தால் "தகவல் தொகுக்க வேண்டியுள்ளது" என்று இழுப்பார்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மேல் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தத் தேதிகளை மனு போட்ட அன்றே காலண்டரில் குறியுங்கள். மனு போடுகிறவர்களில் பலர் மேல்முறையீட்டை மறந்துதான் தோற்கிறார்கள்.

ஒரே ஆவணத்தை இரண்டு அலுவலகங்களில் கேட்பது எண்ணூர் கற்றுத் தந்த வித்தை. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. பின்னால் மாநிலத் தரப்பு காட்டிய வரைபடத்தில் அது அப்படி இல்லை. இந்த முரண் தகவல் உரிமை மனுக்களால்தான் வெளியே வந்தது.

வீடுவீடாக உடல்நலக் கணக்கெடுப்பு

செய்யலாம். ஆனால் "ஆலைப் புகையால் உங்களுக்கு ஆஸ்துமா வந்ததா?" என்று கேட்டால் அந்தக் கணக்கெடுப்பைக் குப்பையில்தான் போட வேண்டும். "கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இருமல் இருந்தது? இரவில் மூச்சுத் திணறி விழித்தீர்களா? மருத்துவமனைக்கு எத்தனை முறை போனீர்கள்?" என்று கேளுங்கள், ஆலையின் பெயரை எடுக்காமல். இதே கேள்வியை, வருமானமும் வீட்டு வசதியும் ஒத்த, ஆனால் ஆலைக்குத் தள்ளியிருக்கும் ஒரு பகுதியிலும் அதே எண்ணிக்கை வீடுகளில் கேட்க வேண்டும். பெயரும் கதவு எண்ணும் தனித் தாளில். அந்தத் தாள் வெளியே போகக் கூடாது. புற்றுநோய் பற்றி ஐம்பது வீட்டுக் கணக்கை வைத்துப் பேசாதீர்கள்.

மனு யாருக்கு

நெடி வரும் நேரத்திலேயே வாரியத்தின் இணையவழிக் குறைதீர்ப்பில் பதியுங்கள். பதிவு எண்ணை நோட்டில் அதே வரியில் எழுதுங்கள். குப்பை எரிந்தால் மாநகராட்சியின் 1913. மாதம் ஒருமுறை நோட்டின் சுருக்கத்தோடு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு. பகுதி சபைக் கூட்டத்தில் வார்டு உறுப்பினர் முன்பு பேசியதைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், கைதட்டலோடு விட்டுவிடாதீர்கள். மனுவின் கோரிக்கை ஒன்றோ இரண்டோ இருக்கட்டும், அளக்கக்கூடியதாக இருக்கட்டும்: "இரவு ஆய்வு", "இசைவாணை நிபந்தனை எண் இன்னதன்படி சாம்பல் லாரிக்குத் தார்ப்பாய்", "புகைபோக்கி அளவுகளை நுழைவாயில் பலகையில் காட்டுதல்".

சென்னையில் மனிதச் சங்கிலி, ஆர்ப்பாட்டம் என்றால் ஐந்து நாள் முன்பே காவல்துறையிடம் அனுமதிக்கு எழுத வேண்டும். அனுமதி இல்லாமல் நின்று வழக்குப் பதிவானால் கடவுச்சீட்டும் அரசு வேலைச் சான்றும் சிக்கும், அந்தச் சுமை கல்லூரிப் பிள்ளைகளின் தலையில்தான் விழும். முடிவெடுக்கும் கூட்டத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வருகிறவர்கள் வரட்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டம்

புது ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ மக்கள் கருத்துக் கேட்பு நடந்தால் குறைந்தது 30 நாள் முன்பே ஒரு தமிழ் நாளிதழில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் ஆட்சியர் அலுவலகம் போன்ற இடங்களில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். வைத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அன்றே எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

கூட்டத்தில் கோஷம் போட்டு வெளியேறுவது பார்க்க நன்றாக இருக்கும், பதிவேட்டில் ஒன்றும் இருக்காது. குறைந்தபட்ச வருகை என்று விதி கிடையாது. நீங்கள் எழுந்து போனாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. இருபது பேர் இருந்தால் இருபது குறிப்பு பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரே விஷயம், மூன்று நிமிடம், அறிக்கையின் பக்க எண்ணோடு. பேசியதையே எழுத்திலும் கொடுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை நாற்காலியை விட்டு எழக் கூடாது. கூட்டம் வீடியோவாகப் பதிவாக வேண்டும், அந்தப் பதிவின் நகலையும் பிறகு கேட்டு வாங்கலாம்.

தீர்ப்பாயம் வரை போனால்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. ஆகவே "பல வருடமாக நடக்கிறது" என்று மனுவைத் தொடங்குவது உங்கள் தலையில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்வது. எந்த நாளில் எந்தச் சம்பவம் என்பதற்கு நோட்டு பதில் சொல்ல வேண்டும். எண்ணூரில் சாம்பல் குழாய்க் கசிவு குறித்த வழக்கில் 2022 ஜூலையில் தீர்ப்பாயம் ஆணை தந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது யாரும் மனு போடும் முன்பே தானாக முன்வந்து விசாரித்தது. நாளிதழில் வரும் தெளிவான செய்திக்கும், அதற்கு நீங்கள் கொடுக்கும் தேதியிட்ட படங்களுக்கும் அவ்வளவு பலம் உண்டு.

கசிவு நடக்கும் இரவு

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் இருட்டில் கிடைத்த பக்கம் ஓடினார்கள். அதற்கு முன்கூட்டியே தெருவுக்கு ஒரு திட்டம் வேண்டும். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும்; நனைத்த துண்டை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொள்ளலாம். காற்றடிக்கும் வாக்கில் ஓடினால் வாயுவும் கூடவே வரும், காற்றுக்குக் குறுக்காக நகர வேண்டும். மாடியில் கட்டிய அதே ரிப்பன் இங்கேயும் உதவும், ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்க்கும்படி வெள்ளை நிறத்தில் கட்டுங்கள். முதியவர், கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர் எந்த வீட்டில், தூக்கிப்போக யார், ஆட்டோ யாருடையது என்ற பட்டியல் இரண்டு பேரிடமாவது காகிதத்தில் இருக்கட்டும். 108-க்கும் 112-க்கும் ஒருவர் பேசும்போது இன்னொருவர் நேரத்தை மட்டும் குறிக்கட்டும்: நெடி தொடங்கியது, சைரன் ஒலித்ததா, முதல் ஆம்புலன்ஸ், முதல் அதிகாரி. மருத்துவமனையில் தரும் சீட்டில் "வாயு சுவாசித்ததால்" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். வெறும் "மூச்சுத்திணறல்" என்று இருந்தால் பிறகு இழப்பீடு கேட்கும்போது அந்தச் சீட்டு பேசாது. மறுநாளே எல்லாச் சீட்டையும் நகலெடுத்து, அசலை அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.